மகளுக்கு: எண்ணெய் ஊற்றுவதற்கு முன்

முகத்துவாரம்,
கொழும்பு 15.

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். உங்கள் படகின் ஸ்டீயரிங் சக்கரத்தை முடியும் வரை திருப்பிக் கையை விட்டதும் அது பின்னால் துள்ளுகிறது. சந்தேகமே வேண்டாம், ஸ்டீயரிங் எண்ணெய்க் குழாய்க்குள் காற்று இருக்கிறது. எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். கையை விட்டதும் அமுங்கியது விரியும், சக்கரம் துள்ளும்.

எனக்குக் கோபம் வந்தது வேறு விடயத்தில். பட்டறைக்காரர் குறைந்த எண்ணெயை நிரப்பி, காற்றை எடுத்து, பணம் வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார். சில வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. ஆகாமல் என்ன செய்யும்? ஹைட்ரோலிக் ஸ்டீயரிங், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் எஞ்சினைத் திருப்புவது, ஒரு மூடிய அமைப்பு. பெட்ரோல் மாதிரி அதில் எண்ணெய் எரிந்து தீராது. குறைந்தால் எங்கேயோ வெளியே போயிருக்கிறது. அந்த இடத்தைக் காற்று பிடித்திருக்கிறது. போன வழியை அடைக்காமல் காற்றை மட்டும் எடுப்பது வீண் வேலை.

ஆகவே முதலில் ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக்கொள். படகின் பின்னால், எஞ்சினின் முன்புறம் அதைத் திருப்பும் சிலிண்டரின் இரு முனைகளையும் துடைத்துவிட்டு, மருமகனைச் சக்கரத்தை இரு பக்கமும் முட்டும் வரை திருப்பச் சொல். மறுபடி துடை. சிலிண்டரிலிருந்து தண்டு வெளியே வரும் இடத்தில் துணி நனைந்தால் சீல், அதாவது எண்ணெய் கசியாமல் அடைக்கும் வளையம், போய்விட்டது என்று பொருள். பெரும்பாலும் அங்கேதான் போகும்: தண்டின் மேல் உப்புக் காய்ந்து படிகிறது, ஒவ்வொரு திருப்பத்திலும் அது சீலை அராவுகிறது. அங்கே காய்ந்திருந்தால் சக்கரத்துக்குப் பின்னால், பலகைக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பார். சக்கரம் சுற்றும் எண்ணெய்ப் பம்பு அங்கேதான் இருக்கிறது; அதன் அச்சுச் சீல் கசிந்தால் எண்ணெய் அந்த வழியாக இறங்கும். பிறகு ஹோஸ் பொருத்துகள். அவற்றில் வெள்ளை டெஃப்லான் நாடா சுற்றியிருந்தால் கழற்றி எறி. பிய்ந்த துணுக்கு பம்பின் வால்வில் போய்ச் சிக்கும். திரவப் பசைதான் போட வேண்டும்.

சீலை மாற்றும் முன் தண்டை நகத்தால் தடவு. கீறலோ புள்ளிப்புள்ளியான அரிப்போ நகத்தில் தட்டினால் புதுச் சீலும் அதே கதியாகும், தண்டையே மாற்ற வேண்டும். மருமகன் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவிடலாம் என்கிறாராம். அவர் தாராள மனக்காரர், ஆனால் தண்டு வழுவழுப்பாக இருந்தால் சீல் கிட் போதும். சாதாரண ரப்பர் ஓ-ரிங் என்றால் நானே இங்கே பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கி அனுப்பிவிடுவேன். இது அந்தந்த சிலிண்டர் மாதிரிக்கென்றே வருவது, ஆக்லாந்திலேயே மாதிரி எண்ணைச் சொல்லி வாங்கு.

இனிக் காற்று எடுக்கும் வேலை. இதற்கு இருவர் வேண்டும். கைநூலில் சொன்ன எண்ணெய்தான். எண்ணெயின் தடிப்பைக் குறிக்க 15 தரம் என்று போட்டிருக்கும். பிரேக் எண்ணெயைக் கிட்டவும் கொண்டுவராதே, சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். பம்பின் நிரப்பும் துளையில் சிறு குழாயைப் பொருத்தி, போத்தலைச் சேலைன் மாதிரித் தலைகீழாகத் தொங்கவிட்டு, இப்போது மேலே இருக்கும் அதன் அடிப்பாகத்தில் ஓட்டை போடு. அது காலியாகவே கூடாது. காலியானால் பம்பு காற்றைக் குடிக்கும், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சக்கரத்தை ஒரு பக்கம் முட்டும் வரை திருப்புங்கள். இப்போது சிலிண்டரின் ஒரு பக்கத்தில் தண்டு நீளமாக வெளியே தெரியும். அந்தப் பக்கத்து நிப்பிளில் (காற்றை வெளியே விடும் சிறு திருகு) உள்ளே தெரியும் தெளிவான குழாயை மாட்டி, மறுமுனையை ஒரு வெறும் போத்தலுக்குள் விட்டு, நிப்பிளைத் திற. அடுத்ததுதான் பலரும் கோட்டை விடும் இடம்: சக்கரத்தை எதிர்ப்பக்கமாகத் திருப்ப வேண்டும், நீ சிலிண்டரை நகரவிடாமல் இறுகப் பிடிக்க வேண்டும். முட்டி நிற்கும்போது அந்தப் பக்கத்து அறை மிகவும் சுருங்கியிருக்கிறது, காற்று ஒளிந்துகொள்ள இடமில்லை. நகர விட்டால் அறை பெருகும், எண்ணெய் அதை நிரப்பப் போய்விடும், காற்று உள்ளேயே தங்கும். குமிழி இல்லாமல் எண்ணெய் ஓடத் தொடங்கியதும், சக்கரம் திரும்பிக்கொண்டிருக்கும்போதே நிப்பிளை மூடு. நிறுத்திவிட்டு மூடினால் வெளிக் காற்று திரும்பி ஏறும். அப்படியே மறுபக்கம் முட்டும் வரை போய், அந்த நிப்பிளிலும் இதையே செய்யுங்கள். பிறகு இரண்டையும் இன்னொரு தடவை. அவசரம் வேண்டாம், வேகமாகச் சுற்றினால் எண்ணெய் நுரைக்கும். வெளியே வந்த நுரை எண்ணெயைத் திரும்ப ஊற்றாதே.

முடிந்ததும் பம்பின் நிரப்பும் மூடியைத் திறந்து வைத்து, சக்கரத்தை முட்டும் வரை திருப்பி அழுத்திப் பார். எண்ணெய் மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் இன்னும் காற்று இருக்கிறது. துள்ளல் இல்லை, கசிவும் இல்லை, ஆனால் முட்டிய பிறகும் சக்கரம் அதிக பலமில்லாமலே சுற்றிக்கொண்டே போகிறது என்றால், உள்ளே பம்பு வால்வோ சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் சீலோ விடுகிறதாக இருக்கலாம். அதை உங்கள் கையால் செய்ய வேண்டாம். குளிரில் சக்கரம் கொஞ்சம் கனமாகத் திரும்புவது மட்டும் கோளாறு அல்ல, அங்கே இப்போது குளிர்காலம்.

இங்கே தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டது. மீன்பிடித் துறையில் படகுகள் நெருக்கியடித்துக் கட்டிக் கிடக்கின்றன. எனக்கு வேலைக்குக் குறைவில்லை. ஓய்வு எடுக்கச் சொல்லி அம்மா தினமும் சண்டை. படகைப் பற்றி அவளிடம் நீ அதிகம் சொல்லாதே, மழைச் சத்தத்தில் ஏற்கெனவே தூக்கமில்லை அவளுக்கு.

சரியாகும் வரை படகைக் கரையை விட்டு எடுக்காதீர்கள். சரியான பிறகும் முதல் ஓட்டம் மெதுவான வேகத்தில், எஞ்சினை நிறுத்தும் கயிற்றை ஓட்டுபவர் உடம்பில் மாட்டிக்கொண்டு. தண்டின் இரு பக்கத்தையும் துடைத்துவிட்டுக் கிட்ட வைத்துப் படம் எடுத்து அனுப்பு. சீல் கிட் வாங்கும் முன் நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா