பேனல் போர்டில் ஏன் ஆன்டெனா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

போன மாதத்திலிருந்து உங்கள் பட்டறைகளில் மீட்டர் ரீடிங்கை அனுப்பும், சிம் போட்ட பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு, ஆன்டெனா வைத்த சின்னப் பெட்டி மாட்டி வருகிறோம். "எதற்கு இது, ஈ.பி. மீட்டரில் கை வைக்கிறீர்களா?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள்.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஈ.பி. மீட்டரையோ அதன் சீலையோ நாங்கள் தொடுவதே இல்லை, தொடவும் கூடாது. நாங்கள் படிப்பது அதற்கு அப்புறம், உங்கள் பேனலுக்குள் இருக்கும் உங்கள் சொந்த மீட்டரை. அதில் ரீடிங்கை வெளியே எடுக்க ஆர்எஸ்485 என்று இரண்டு முனைகள் இருக்கும், அதிலிருந்து இரண்டு வயர் மட்டும்தான் எங்கள் பெட்டிக்கு வருகிறது.

சிம்மை ஏன் விட்டோம் என்றால், மீட்டருக்கு ஒரு சிம், சிம்முக்கு ஒரு ரீசார்ஜ், அதுவும் தகரக் கூரைக்குக் கீழே இரும்புப் பேனலுக்குள் இருந்தால் பாதி நாள் டவரே கிடைக்காது. புதியது லோரா என்ற ரேடியோ முறை. இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டிருக்கும் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிறது. வேகம் ரொம்பக் குறைவு, ஆனால் மீட்டர் அனுப்புவது நாலைந்து எண்கள்தானே, அதற்கு இது தாராளம். வேகத்தைக் குறைத்ததால்தான் சுவர் தாண்டி அடுத்த ஷெட் வரை எட்டுகிறது. இரும்புப் பெட்டிக்குள் மட்டும் எந்த ரேடியோ அலையும் சரியாகப் போகாது, அதனால்தான் ஆன்டெனாவைப் பேனலுக்கு வெளியே வைக்கிறோம். தயவுசெய்து அதை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடாதீர்கள். வளாகம் முழுக்க ஒரே ஒரு கேட்வே (எல்லாப் பெட்டிகளின் ரீடிங்கையும் வாங்கி நெட்டில் அனுப்பும் கருவி), அதற்கு மட்டும் நெட் போதும்.

நடுவில் ஒரு ரீடிங் தவறிப்போனால் யூனிட் கணக்கு போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். மீட்டர் அனுப்புவது அதுவரை ஓடிய மொத்த யூனிட்டை, அதனால் அடுத்த ரீடிங் வந்ததும் கணக்கு சரியாகிவிடும், வரைபடத்தில் மட்டும் ஒரு இடைவெளி தெரியும்.

ஆனால் இதை வெறும் யூனிட் பார்க்க வைத்தால் வீண் என்றுதான் சொல்வேன். பவர் ஃபேக்டரைப் பாருங்கள், அதாவது வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு உருப்படியாக வேலைக்குப் போகிறது என்ற அளவு. அதைக் குறையாமல் வைத்திருக்கும் கெப்பாசிட்டர் ஒன்று செத்துப்போனாலும் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும், யாருக்கும் தெரியாது, ஹெச்.டி. (உயர் அழுத்த) இணைப்பில் பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே போனால் பில்லில் அபராதமாக வந்த பிறகுதான் தெரியும். இப்போது அன்றைக்கே உங்கள் போனுக்குச் செய்தி வரும். அதேபோல ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வரைபடத்தையும் ஒருமுறை பாருங்கள். ஒரு பட்டறையில் ஆளே இல்லாத நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறை லோடு ஏறி இறங்கியது. போய்ப் பார்த்தால் கம்ப்ரசரை நிறுத்தாமல் போயிருக்கிறார்கள், ஹோஸில் காற்று கசிய, அது தானாக ஓடி ஓடி டேங்கை நிரப்பிக்கொண்டிருந்தது.

பெட்டி மாற்றும்போது பாதுகாப்புக்காக மெயினைக் கொஞ்ச நேரம் ஆஃப் செய்ய வேண்டியிருக்கும். ஷிப்ட் மாறும் நேரமா, விடுமுறை நாளா, எது உங்களுக்குத் தோது என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள், அதன்படி வருகிறோம்.