ஞாயிறு முகாம்: படிவம் நிரப்பக் கை வேண்டும்

குழு உறவுகளே, வணக்கம். இந்த ஞாயிறு காலை 10 மணிக்கு நம் அறக்கட்டளை தேவனாம்பட்டினத்தில் அரசு உதவித்தொகைக்கு மனு எழுதித் தரும் முகாம் போடுகிறது.

அப்பாவை இழந்த பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா என்ற அரசுத் திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் கிடைக்கும், 18 வயது வரை. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பணம் நாம் தருவதில்லை. மனுவைச் சரியாக எழுதி, மனுவை வாங்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வரை கூடப் போவதுதான் நம் வேலை.

போன முறை ஒரு அக்கா மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு, மஞ்சள் பையிலிருந்து எல்லாக் காகிதத்தையும் எடுத்து வைத்தார். வருமானச் சான்று மட்டும் இல்லை. பாவம், இன்னொரு நாள் வியாபாரம் போச்சு. அதனால் வருகிறவர்களிடம் இவற்றைக் கொண்டுவர முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அப்பாவின் இறப்புச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிச் சான்று.

அப்புறம், மகளிர் குழுக்கள் கணக்கு நோட்டைக் கொண்டுவரலாம், பார்த்துத் தருவோம். எழுத வருபவர்கள் இங்கேயே பெயர் போடுங்கள்.