அந்தச் சட்டை யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சைக்கிள் பந்தயங்களில் நடக்கும் விளம்பரக் கூத்துகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இத்தாலிய வீரர் மரியோ சிப்போலினியைக் கோமாளி என்றும், வேஷ உடைகளுக்காக அவருக்கு அபராதம் போட்டவர்களை விளையாட்டின் மானம் காத்தவர்கள் என்றும் எழுதியிருந்தார் கட்டுரையாளர். கோமாளி என்றதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. மானம் காத்தார்கள் என்றதில்தான் இருக்கிறது.

நான் திருப்பூரில் விளையாட்டு ஜெர்சிகளுக்கு சப்ளிமேஷன் பிரிண்டிங் (சூட்டில் சாயத்தைத் துணியில் ஏற்றும் அச்சு) செய்பவன். பந்தயத்தை டி.வி.யில் பார்த்தாலும் யார் முந்துகிறார் என்பதற்கு முன்னால் ஜிப் நேராக வந்திருக்கிறதா என்றுதான் கண் போகும். சைக்கிள் ஜெர்சியின் முன்பக்கம் இரண்டு துண்டு, நடுவில் ஜிப். பணம் கொடுத்த கம்பெனியின் பெயர் அந்த இரண்டிலும் பாதிப் பாதியாக விழும். தைக்கும்போது இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் எழுத்து படிக்கட்டுபோல ஏறி இறங்கும். செக்கிங்கில் பீஸ் திரும்பி வரும். அடுத்த முறை ஒரு வீரர் தனியாக வந்து ஜெயிக்கும் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். மலையேறிய வெக்கையில் நெஞ்சு தெரியத் திறந்துகிடந்த சட்டையை, எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கையால் கழுத்துவரை இழுத்து மூடுவார். அதற்குப் பிறகுதான் இரண்டு கையையும் தூக்குவார். பெயர் பிளக்காமல் போட்டோவில் விழ வேண்டும். உயிர் போகிற களைப்பிலும் அந்தக் கை மறப்பதில்லை.

அதனால் 'விளம்பரம் உள்ளே புகுந்து விளையாட்டைக் கெடுத்துவிட்டது' என்ற வரியைப் படித்தபோது சிரிப்பு வந்தது. பிரான்சில் பல நாள் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயம் பிறந்ததே பேப்பர் விற்கத்தான். 1903-இல் 'லோத்தோ' என்ற பத்திரிகை, போட்டிப் பத்திரிகையான 'லெ வெலோ'வைச் சாய்க்க நடத்திய கூத்து அது. சுமார் 25,000 பிரதி விற்ற லோத்தோ 65,000-க்கு ஏறியது. லெ வெலோ மறு வருடமே கடையை மூடியது. லோத்தோ அச்சான காகிதம் மஞ்சள். 1919-இல் முதலிடத்தில் இருப்பவருக்குக் கொடுத்த சட்டையும் மஞ்சள். இத்தாலியின் ஜிரோ பந்தயத்தில் 1931 முதல் முதலிடக்காரருக்கு ரோஸ் சட்டை. அதை நடத்திய 'கெஸெட்டா டெல்லோ ஸ்போர்ட்' ரோஸ் காகிதத்தில் வரும் பத்திரிகை. டூரில் மலையேறுவதில் முந்துபவருக்கு 1975-இல் வந்த சிவப்புப் புள்ளிச் சட்டைக்குப் பின்னால் ஒரு சாக்லேட் கம்பெனி. புள்ளிக் கணக்கில் முந்துபவருக்கான டூரின் பச்சைச் சட்டை 1968-இல் மட்டும் சிவப்பாக இருந்தது, விளம்பரதாரருக்கு அந்த நிறம் வேண்டுமாம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒருவர் வேஷம் கட்டியதால் புனிதம் கெட்டது என்றால் எப்படி?

உடை விதியின் கதையைச் சொல்பவர்கள் 1924-இல் தொடங்குவதுதான் நியாயம். முந்தைய ஆண்டு டூரை ஜெயித்தவர் ஆன்ரி பெலிசியே. அந்தக் காலத்தில் பந்தயம் நடு இரவில் கிளம்பும்; ஷெர்பூரிலிருந்து பிரெஸ்ட் வரை ஒரே நாளில் 405 கிலோமீட்டர். இருட்டில் குளிருக்காக இரண்டு சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார்கள், வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றி எறிவார்கள். எறியக் கூடாது என்பது விதி. எத்தனை சட்டையோடு கிளம்பினாயோ அத்தனையோடு வந்து சேர வேண்டும். ஷெர்பூரில் ஒரு அதிகாரி பெலிசியேயின் சட்டையைத் தூக்கி, உள்ளே இன்னொன்று இருக்கிறதா என்று பார்த்தார். நிர்வாகத்தின் பொருளை எறிய உனக்கு உரிமையில்லை என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அது நிர்வாகத்தின் சட்டை இல்லை, என்னுடையது என்றார் அவர். குத்தான்ஸ் என்ற ஊரில், தம்பி பிரான்சிஸையும் மொரிஸ் வில் என்ற இன்னொரு வீரரையும் கூட்டிக்கொண்டு பந்தயத்தை விட்டே இறங்கிவிட்டார்.

மூவரும் அங்கே ஒரு கடையில் உட்கார்ந்திருந்தபோது தேடிப் போய்ப் பேசியவர் ஆல்பேர் லோந்தர் என்ற நிருபர். சட்டைக் கதையைச் சொல்லி முடித்த கையோடு பையைத் திறந்து காட்டினார்கள்: கண்ணுக்குக் கொக்கைன், ஈறுக்குக் குளோரோபார்ம், பெட்டி பெட்டியாக மாத்திரை. நாங்கள் டைனமைட்டில் ஓடுகிறோம் என்றார் தம்பி. (நிருபருக்கு சைக்கிள் பற்றி ஒன்றும் தெரியாது, கொஞ்சம் கயிறு திரித்தோம் என்று பிற்பாடு அதே தம்பி சொன்னதாகவும் உண்டு. இருக்கலாம்.) சட்டையைத் தூக்கி எண்ணிய அதிகாரி அந்தப் பையைத் திறந்ததாக யாரும் சொல்லவில்லை.

இந்த ஞாபகத்தோடு 1999-க்கு வாருங்கள். கட்டுரையாளர் பாதிப் பக்கம் கண்டித்த அந்த ரோமானிய வேஷம் அந்த ஆண்டு டூரில்தான். ஜூலியஸ் சீசரின் பிறந்தநாள் என்று சொல்லி வெள்ளைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தார் சிப்போலினி. அவருடைய சாயெக்கோ அணிக்குப் பணம் கொடுத்தது காபி மெஷின் கம்பெனி. வேஷத்தைச் சொன்னவர், அதற்கு முந்தைய வாரத்தைச் சொல்லவில்லை. அடுத்தடுத்து நான்கு கட்டங்களை (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) ஜெயித்திருந்தார் சிப்போலினி; 1930-க்குப் பிறகு யாரும் செய்யாதது. அதில் லவாலிலிருந்து புளுவா வரை போன நாளின் சராசரி வேகம் மணிக்கு 50.35 கிலோமீட்டர். நம்மூர் டவுன் பஸ் அந்த வேகத்தில் போனால் கண்டக்டர் பிடியை விடமாட்டார்.

உடைக்காக அவர் திரும்பத் திரும்ப அபராதம் கட்டிய காலம் அது. அதே டூரில் அமெரிக்க வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் சிறுநீரில், டாக்டர் சீட்டில்லாமல் எடுக்கக் கூடாத கார்ட்டிகோஸ்டீராய்டு மருந்து இருந்தது. சைக்கிள் சீட்டில் உட்கார்ந்து புண்ணான இடத்துக்குப் போட்ட களிம்பு என்று முன்தேதியிட்ட மருந்துச் சீட்டு ஒன்று நீட்டப்பட்டது. சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. அதை வாங்கி வைத்துக்கொண்டு விட்டுவிட்டது. ஆர்ம்ஸ்ட்ராங் மஞ்சள் சட்டையோடு பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அவருடைய ஏழு டூர் வெற்றிகளையும் பறிக்க 2012 ஆனது. சட்டையில் தப்பு இருந்தால் எங்கள் செக்கிங் டேபிளில் உட்காரும் பெண்ணே கண்டுபிடித்துவிடுவார். அதைப் பிடித்ததற்கு ஒரு சங்கத்தை இவ்வளவு மெச்ச வேண்டுமா?

உடைக்கு விதியே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. ரோட்டோரம் நிற்பவருக்கு நூற்றைம்பதுக்கு மேற்பட்ட வீரர்கள் அரை நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். அதற்குள் முதலிடக்காரர் யார் என்று தெரிய வேண்டுமானால் அவர் நிறத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது. ஸ்பெயினின் ஓன்ஸே மஞ்சள் உடுப்பில் ஓடிய அணி. டூருக்கு வரும்போது மட்டும் ரோஸுக்கு மாறிக்கொண்டது. அது ஞாயம். 2019 முதல் சாக்ஸ் உயரத்துக்கும் விதி வந்தது. கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவைத் தாண்டக் கூடாது, அளக்க ஒரு கருவியே இருக்கிறது. வேடிக்கையாகத் தெரிந்தாலும் நீள சாக்ஸ் காற்றைக் கிழிக்க உதவும் என்பதால் அதிலும் ஏதோ அர்த்தம் உண்டு.

2020 ஜிரோவில் ஈ.எஃப். என்ற அமெரிக்க அணிக்கு நடந்தது வேறு. அவர்களுடைய வழக்கமான ரோஸ் அங்கே முதலிடக்காரர் சட்டையோடு மோதும் என்று மாற்றினார்கள். மாற்றியது சரி. ஆனால் பேலஸ் என்ற ஸ்கேட்போர்டு கம்பெனியோடு சேர்ந்து வாத்துப் படம் போட்ட ஜெர்சி, வாத்து அலகு வரைந்த ஹெல்மெட் என்று இத்தாலியின் பலெர்மோவில் வந்து நின்றார்கள். உடுப்பை ஒழுங்காகப் பதிவு செய்யவில்லை என்று சில ஆயிரம் ஸ்விஸ் பிராங்க் அபராதம். அந்தப் படத்தை போனில் எங்கள் யூனிட்டில் காட்டினேன். ஓவர்லாக் மெஷினில் இருந்த அக்கா கேட்டார்: "ஏனுங்கண்ணா, கொழந்தைங்க ஆர்டருங்களா?" சைக்கிள் பந்தயமே பார்க்காதவர்கூடத் தலையைத் திருப்பிவிட்டார். அந்த விலைக்கு அப்படியொரு விளம்பரம் வேறெங்கே கிடைக்கும்?

கட்டுரை தொடாத ஒன்று எனக்கு உறுத்துகிறது. 2014-இல் கொலம்பியப் பெண்கள் அணி ஒன்றின் ஜெர்சி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இடுப்பைச் சுற்றித் தோல் நிறமாகத் தெரிந்த, பொன் சாயலில் ஒரு பட்டை. போட்டோவில் பார்த்தால் அங்கே துணியே இல்லாததுபோல் இருந்தது. எந்த நாகரிக அளவுகோலிலும் ஏற்க முடியாது என்றார் அன்றைய யு.சி.ஐ. தலைவர் பிரையன் குக்சன். வரைந்தது அணியில் இருந்த ஒரு வீராங்கனையே. அந்த உடையில் மாதக்கணக்கில் ஓட்டியும் இருந்தார்கள். இதில் தொழில்காரனாக ஒரு வார்த்தை: பொன் சாயலுள்ள நிறம் டியூப் லைட்டில் ஒன்று, வெயிலில் ஒன்று, வியர்வையில் நனைந்து இழுபட்டால் இன்னொன்று. சாம்பிளை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்காமல் ஓ.கே. சொன்னால் எங்களுக்கும் அது நடக்கும். டிசைன் பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அணிக்கு ஒரு கடிதம் போட்டு முடித்திருக்க வேண்டியதை உலகத்துக்கே அறிவித்தார்கள். தோலுரித்த உடம்பின் சதையை அச்சடித்த உடையில் சிப்போலினி வந்தபோது நாகரிக அளவுகோலை யாரும் எடுக்கவில்லை. அபராதத்தோடு கதை முடிந்தது.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு வந்த வரிக்குதிரை உடைப் படத்தின் கீழே 1999, சாயெக்கோ என்று போட்டிருந்தீர்கள். அது 2002, அணியின் பெயர் அக்குவா எ சப்போனே. அந்த ஆண்டு ஜிரோவில் ஆறு கட்டங்களை ஜெயித்தார், அக்டோபரில் பெல்ஜியத்தின் சோல்டரில் உலக சாம்பியனும் ஆனார். வெள்ளையில் ஐந்து நிறப் பட்டை போட்ட சட்டை கிடைத்தது. அந்த விளையாட்டில் அதைவிட முறையான உடுப்பு கிடையாது. யாரும் அபராதம் போட முடியாது. அதைப் போட்டுக்கொண்டு ஓட 2003 டூருக்கு அவருடைய அணியை அழைக்கவே இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பூர்