மாமாவின் தாடை எந்தக் கணக்கில் இருக்கிறது?

மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பில் மருத்துவச் சாதனங்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2021-இல் கொரோனாவிலிருந்து மீண்டு வந்த என் தாய்மாமாவுக்கு அடுத்த மாதமே கருப்புப் பூஞ்சை. உயிரைக் காப்பாற்ற இடப்பக்க மேல்தாடையை எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் கஞ்சியும் கூழுமாகவே ஓடியது, பேச்சு மூக்கு வழியாக வந்தது, கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். அப்புறம் ஒரு மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்து, அவர் முக எலும்புக்கு ஏற்றபடி கணினியில் வடிவமைத்து, டைட்டானியத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கி அச்சிட்ட இம்ப்ளான்ட்டைப் பொருத்தினார்கள். அவர் மறுபடி முறுக்கு கடித்த அன்று அத்தை அழுதுவிட்டார். அதனால், இந்தத் தொழில்நுட்பம் வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை.

இந்த வருடம் ஒரு திருகு தளர்ந்து, ஈறு வீங்கி, உலோகம் வெளியே தெரிய ஆரம்பித்தது. அறுவை செய்த மருத்துவர் அங்கே இப்போது இல்லை. வேறு ஊரில் பார்த்த மருத்துவர் வடிவமைப்பு ஃபைல் இருக்கிறதா, எந்த உலோகக் கலவை, யார் அச்சிட்டது என்று கேட்டார். எங்களிடம் இருந்தது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரே ஒரு வரி. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தால்கூட அதன் எண் அச்சிட்ட ஸ்டிக்கரை ஒட்டித் தருகிறார்கள். முகத்தில் பாதியை மாற்றியவரிடம் ஒரு எண்கூட இல்லை.

2017-ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகள் இந்த மாதிரி இம்ப்ளான்ட்டை ஒரு மருத்துவரின் எழுத்துப்பூர்வமான பரிந்துரையின்படி, அவர் பொறுப்பில், ஒரே நோயாளிக்காகச் செய்யப்படும் சாதனம் என்கின்றன. சரி, அந்த மருத்துவர் வேலை மாறினால்? வடிவம்தான் ஆளுக்கு ஆள் வேறு, தூளும் இயந்திரமும் மென்பொருளும் ஒன்றுதான். 2021 ஜூலைக்குள்ளேயே நாட்டில் 45,000 பேருக்கு மேல் கருப்புப் பூஞ்சை. தாடை இழந்த ஏழைகளுக்கு இப்படி அச்சிட்டுத் தரும் முயற்சியைச் சென்னை ஐஐடி தொடங்கியபோது மனதாரச் சந்தோஷப்பட்டேன். இனி இது நூறு, ஆயிரம் என்று போகும், ஆனால் ஒவ்வொன்றும் 'ஒருவருக்கு மட்டும்' என்றே இருந்தால் எத்தனை தளர்ந்தன, எத்தனை சீழ் பிடித்தன என்று யார் கூட்டிப் பார்ப்பது?

ஸ்வீடனில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர் 2011 முதல் மூன்று பேருக்கு, அவரவர் ஸ்டெம் செல்லில் ஊறவைத்த பிளாஸ்டிக் மூச்சுக்குழாயைப் பொருத்தினார். வேறு வழியில்லாத நோயாளிகள், இது ஆராய்ச்சி அல்ல சிகிச்சை என்று சொல்லி நெறிமுறைக் குழுவின் அனுமதியே கேட்கவில்லை. மூவரும் இறந்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறை விதிக்க 2023 ஆகிவிட்டது. அதே காலத்தில், 2012-இல், மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் மூச்சுக்குழாய் சுருங்கிப்போகும் ஒரு குழந்தைக்கு, வளர வளர உடம்பிலேயே கரைந்துவிடும் தாங்கியை அச்சிட்டு வைத்தார்கள். அதுவும் அவசரம்தான், அதுவும் ஒரே ஒரு நோயாளிதான். ஆனால் முன்கூட்டியே அமெரிக்க மருந்துத் துறையின் அவசர அனுமதி வாங்கினார்கள், குழந்தையைத் தொடர்ந்து கவனித்தார்கள், நடந்ததை மருத்துவ இதழில் எழுதினார்கள். அடுத்து வந்த குழந்தைகளுக்கு அது உதவியது.

நாளைக்கு அச்சிட்ட சட்டகத்தில் உயிரணுக்களை வைத்து எலும்பையே வளர்க்கப்போகிறார்கள். அது வருமுன் உலோகத்துக்காவது ஒழுங்கு வேண்டும். அச்சிட்டுப் பொருத்தும் ஒவ்வொரு இம்ப்ளான்ட்டையும் தேசியப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள், ஐந்து வருடமாவது மருத்துவமனை தொடர்ந்து பார்க்கட்டும். வடிவமைப்பு ஃபைலும் உலோக விவரமும் நோயாளி கையில் இருக்க வேண்டும், அது அவர் எலும்பின் அளவு. மருத்துவச் சாதனங்களால் வரும் பாதகங்களைத் தெரிவிக்க 2015 முதல் திட்டம் இருக்கிறது, ஆனால் யாராவது தெரிவித்தால்தான் அதற்குத் தெரியும். அப்புறம் சம்மதப் படிவம். 'இதை இதுவரை எத்தனை பேருக்கு வைத்திருக்கிறோம், அவர்கள் எப்படி இருக்கிறார்கள்' என்று தமிழில் இரண்டு வரி அதில் இருந்திருந்தால் மாமா அன்றைக்கே நாலு கேள்வி கேட்டிருப்பார்.

புதிய மருத்துவர் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். பழைய ஃபைலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
அவருடைய அக்கா மகள்