ஜப்பான் பெட்டியில் சவர சோப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜப்பானுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பொடி, ஊறுகாய் எல்லாம் கட்டிக் கொடுக்கிறோம்; சவரச் சாமானை மறந்துவிடுகிறோம். பழைய இருபக்க பிளேடில் மழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பிளேடை இங்கிருந்து சுமக்க வேண்டாம். ஃபெதர் பிளேடு அந்த நாட்டுச் சரக்கு. நம் ரேசரிலும் பொருந்தும். மருந்துக்கடையில் கண்ணுக்கு நேரே தொங்குவது கார்ட்ரிட்ஜும் நுரை டப்பாவும்தான். கீழ்த்தட்டில் குனிந்து தேடுங்கள். கிடைக்காவிட்டால் 'ரியோபா' (இருபக்கக் கூர்), 'கயேபா' (மாற்று பிளேடு) என்று கேளுங்கள். எல் வடிவக் கைப்பிடியோடு மலிவாக இருப்பது பெண்கள் புருவமும் முகப் பூனைமுடியும் எடுக்கும் கத்தி, தாடிக்கு ஆகாது. சலூன்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஃபெதரின் 'ஆர்டிஸ்ட் கிளப்' என்ற சலூன் கத்திக்கான பிளேடு, பாதி பிளேடு செருகும் நம் கத்தியில் உட்காராது.

ஃபெதர் கூர் அதிகம். நம் பிளேடுக்கு அழுத்திய பழக்கத்தில் அழுத்தினால் தாடைக்கடியில் கீறிவிடும். தோலோடு 30 பாகைச் சாய்வு, ரேசரின் எடை, அவ்வளவே போதும். மூன்று நான்கு சவரத்தில் இழுக்கத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள். பழைய பிளேடைத் தடித்த தாளில் சுற்றி, 'கிகென்' (அபாயம்) என்று எழுதி, அந்தந்த ஊராட்சி சொல்லும் நாளில்தான் குப்பையில் போட வேண்டும்.

சோப்பும் பிரஷும் மருந்துக்கடையில் அரிது. அவற்றை இங்கிருந்தே கொண்டுபோங்கள். அங்கே தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. வள்ளியூர், ராதாபுரம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து சோப்பைப் பிடித்துத் திரித்துவிடும், நுரை எழும்பாது. அங்கே அதே சோப்பில் பாதி போதும். இங்கே தேய்க்கிற அளவுக்குத் தேய்த்தால் நுரை தடித்து ரேசரை அடைத்துக்கொள்ளும்.

படிகாரக் கட்டி ஒன்றும் வையுங்கள். அங்கே 'யாகி மியோபான்' என்று பொடியாகக் கிடைக்கும். பலசரக்கில், ஊறுகாய்ச் சாமான் வரிசையில் பாருங்கள். கத்தரிக்காய் ஊறுகாய் நிறம் மங்காமல் இருக்கப் போடுகிறார்களாம்! சுட்ட படிகாரம் என்பதால் கரைய நேரமெடுக்கும். வெந்நீரில் கரைத்துத் தொட்டுக்கொள்ளலாம்.

திரும்பும்போது பிளேடு வாங்கி வந்தால் கைப்பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் வையுங்கள்.

– முடிதிருத்தும் தொழிலாளி, பாளையங்கோட்டை