சிம்பல் வாங்கும் முன்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக் கலைநிகழ்ச்சிகளுக்கு ஒத்திகை தொடங்கும் காலத்தில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள், டிரம் செட்டில் மாட்டும் உலோகத் தட்டுகளான சிம்பல்களில் முதலில் கேட்பது கிராஷைத்தான், அதாவது பாட்டின் முக்கிய இடங்களில் ஓங்கி அடிக்கும் தட்டை. "பதினெட்டு அங்குலம் ஒன்று எடுங்கண்ணே, நல்லா சத்தம் வரணும்" என்பார்கள். எடுத்துக் காட்டுவோம். ஆனால் விலை சொல்வதற்கு முன்னால், "தம்பி, உங்க ஹைஹாட் என்ன?" என்று கேட்போம். ஹைஹாட் என்பது காலால் மிதித்துத் திறந்து மூடும் ஜோடித் தட்டு. "டிரம் செட்டோடு வந்ததுதான்" என்று பதில் வந்தால், கிராஷை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டு உட்காரச் சொல்வோம். அப்படி உட்கார வைத்துச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு பாட்டில் கிராஷை எத்தனை முறை அடிக்கிறோம்? பல்லவி எடுக்கும்போது ஒன்று, சரணம் முடியும்போது ஒன்று, இடையிசையில் இன்னும் சில. ஹைஹாட் அப்படியில்லை. நிமிடத்துக்கு 100 தாள அடி ஓடும் பாட்டில், ஓர் அடிக்கு இரண்டு முறை தட்டினால் நிமிடத்துக்கு 200 முறை ஒலிக்கும். நான்கு நிமிடப் பாட்டுக்கு 800 முறை. கேட்பவர்களின் காதில் உங்கள் வாசிப்பு என்று பதிவதில் பெரும்பகுதி அந்த ஒலிதான். அது தகரம் மாதிரி இருந்தால், மேலே எத்தனை நல்ல கிராஷைத் தொங்கவிட்டாலும் டிரம்ஸே தகரமாகத்தான் கேட்கும்.

அதனால் கையில் இருக்கும் பணம் அளவானதாக இருந்தால், பாதியை 14 அங்குல ஹைஹாட் ஜோடிக்கு ஒதுக்குங்கள். அடுத்தது 20 அல்லது 22 அங்குல ரைடு, அதாவது தொடர்ந்து தாளம் தட்டும் பெரிய தட்டு. கிராஷ் கடைசியில். ஒரு நல்ல ஹைஹாட், ஒரு நல்ல ரைடு, ஒரே ஒரு 16 அங்குல கிராஷ், இவ்வளவுதான் வைத்துக்கொண்டு வாராவாரம் கல்யாண மண்டபங்களில் வாசிப்பவர்கள் நம் பினாங்கிலேயே இருக்கிறார்கள். ஸ்பிளாஷ், சைனா போன்ற சிறப்பு ஒலிச் சிம்பல்களெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உலோகத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிறீர்கள். நம் வீட்டுப் பாத்திரங்களைப் பார்த்தாலே இது புரிந்துவிடும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம். தொடக்கநிலை டிரம் செட்டோடு வரும் சிம்பல்கள் பெரும்பாலும் பித்தளை. பித்தளைக் குடத்தைத் தட்டிப் பாருங்கள், கோயில் மணியை அடித்துப் பாருங்கள். முதலாவது 'டங்' என்று அங்கேயே நின்றுவிடும், இரண்டாவது நீண்டு அலை அலையாகப் போகும். அந்த மணி வெண்கலம். பஜனையில் தட்டும் ஜால்ராவும் நல்லதாக இருந்தால் வெண்கலம்தான்.

சிம்பல் வெண்கலத்தில் அதிகம் பேசப்படுபவை இரண்டு. பி20 என்பது 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும். பி8 என்பது 92 பங்கு செம்பும் 8 பங்கு வெள்ளீயமும். முன்னதில் ஒலி அகலமாக, ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுருதி கலந்து வரும். பின்னது கூர்மையாக, பளிச்சென்று முன்னால் வந்து நிற்கும். பி8 என்றாலே மலிவுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பைஸ்தே என்ற சிம்பல் நிறுவனத்தின் புகழ்பெற்ற 2002 வரிசை 1971இல் வந்தது, அது பி8 வெண்கலம்தான். எண்ணைப் பார்த்து வாங்காமல் காதை நம்பி வாங்குங்கள்.

ஜில்ட்ஜியன் சிம்பல் எங்கே செய்வது, துருக்கியா அமெரிக்காவா என்று ஒரு மாணவர் போன வாரம் கேட்டார். ஜில்ட்ஜியன் குடும்பம் 1623இல் கான்ஸ்டாண்டிநோபிளில், இன்றைய இஸ்தான்புல்லில், தொழிலைத் தொடங்கிய ஆர்மீனியக் குடும்பம். பெயரின் பொருளே சிம்பல் செய்பவரின் மகன் என்பதுதான். 1929இல் தொழில் அமெரிக்காவுக்கு இடம் மாறியது. 1981இல் அதே குடும்பத்தில் ஒருவர் பிரிந்து கனடாவில் தொடங்கியதுதான் சேபியன் என்ற சிம்பல் நிறுவனம். இஸ்தான்புல்லில் இன்றும் கையால் சுத்தியடித்துச் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. இரண்டு கைச்சுத்தி சிம்பல்கள் ஒரே மாதிரி ஒலிக்காது. ஆகவே பெட்டியோடு வாங்கிக்கொண்டு ஓடாமல், அந்தத் தட்டையே எடுத்து அடித்துக் கேளுங்கள்.

எடை சத்தத்தை விடவும் முக்கியமான விஷயம். ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகளில் கனமானதுக்குச் சுருதி உயரும், சத்தம் கூடும், ஒலி சீக்கிரம் அடங்காது. மெல்லியது லேசான அடிக்கே மலர்ந்து, வந்த வேகத்தில் அடங்கிவிடும். நம் இசைக்குழுக்களில் பாடகர் டிரம்ஸுக்கு நேர் முன்னால் நிற்கிறார். கனத்த கிராஷின் ஒலி அவருடைய மைக்குக்குள் புகுந்து, பாட்டின் வல்லின எழுத்துகளை விழுங்கிவிடும். கூரை தாழ்ந்த மண்டபத்தில் அது வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரிதான். அதற்கு ஒலியமைப்பாளரைக் கோபித்துப் பயனில்லை. சிறிய மண்டபம், தேவாலயம் இவற்றுக்கு மெல்லிய 16 அங்குலம் போதும். தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைப் பக்கம் போடும் திறந்தவெளி மேடை என்றால் 18 அங்குலம், நடுத்தர எடை. அடுக்குமாடி வீட்டில் பயிற்சி செய்பவர்களுக்கு உடம்பெல்லாம் சிறு துளையிட்ட, சத்தம் குறைந்த சிம்பல்கள் வருகின்றன. பக்கத்து வீட்டுக்காரரோடு உறவு முக்கியம், அதை வாங்குங்கள்.

சரி, வாங்கியாகிவிட்டது. எப்படி அடுக்குவது?

முதலில் ஸ்டூலில் உட்காருங்கள். ஸ்டாண்டை நிறுத்திவிட்டு அதற்கேற்ப உடம்பை வளைப்பதுதான் பலர் செய்யும் தவறு. முதுகு நிமிர்ந்து, முழங்கை உடம்பை ஒட்டித் தொங்கும்போது குச்சியின் நுனி எங்கே போகிறதோ அங்கே ரைடு இருக்க வேண்டும். தோளைத் தூக்கினால்தான் எட்டுகிறது என்றால் அது உயரம் அதிகம். ரைடின் நடுக்குமிழையும் எட்ட வேண்டும், ஆகவே அதை உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். ஹைஹாட், உங்கள் முன்னால் இருக்கும் ஸ்நேர் டிரம்முக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள் போதும். மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. கீழ்த் தட்டின் அடியில் ஒரு சிறு திருகு இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதே இல்லை. அதைத் திருகிக் கீழ்த் தட்டை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்தால், மூடும்போது உள்ளே காற்று அடைபடாது. காலால் மிதித்தால் 'சிக்' என்று தெளிவாகக் கேட்கும். ஹைஹாட் மந்தமாக இருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்த ஒருவருக்கு இந்தத் திருகை மட்டும் திருகிக் கொடுத்தோம். வேறு ஜோடி வாங்காமலே போனார்.

கிராஷ் ஒன்று என்றால் ஹைஹாட்டுக்கும் சிறிய டாம் டிரம்முக்கும் இடையில் மாட்டுங்கள். இரண்டாவது இருந்தால் வலப்பக்கம், ரைடுக்கு மேலே. இரண்டுக்கும் அளவில் இரண்டு அங்குல வித்தியாசம் இருந்தால் ஒலி தனித்தனியாகப் பிரிந்து தெரியும். நீட்டுக்கை வைத்த ஸ்டாண்டாக இருந்தால், மூன்று கால்களில் ஒன்று அந்தக் கை நீண்டிருக்கும் திசையிலேயே இருக்கட்டும். இல்லையென்றால் நடுப்பாட்டில் எல்லாம் சாயும்.

இனி உடைவதைப் பற்றி. எங்களிடம் வரும் உடைந்த சிம்பல்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பல தடுத்திருக்கக் கூடியவை. எனக்கும் இது நடந்திருக்கிறது. பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணத்தில் வாசித்தபோது கிராஷ் சுற்றிக்கொண்டே இருந்ததால் மேல் நட்டை இறுக்கி முறுக்கினேன். மூன்றாவது பாட்டில் ஓரம் விரல் நீளத்துக்குப் பிளந்தது. ஆசைப்பட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கிய தட்டு அது. அடி வாங்கிய சிம்பல் ஆட வேண்டும். ஆட விடாமல் பிடித்தால் அந்த அதிர்வெல்லாம் உலோகத்துக்குள்ளேயே போய் அதைக் கிழிக்கும். நட்டைத் தளர்வாக வையுங்கள், தட்டைக் கையால் தள்ளினால் தாராளமாக ஊசலாட வேண்டும்.

கம்பியின் மேல் செருகும் பிளாஸ்டிக் குழாயும் மேலும் கீழும் வைக்கும் ஃபெல்ட் துணி வளையமும் இல்லாமல் மாட்டவே மாட்டாதீர்கள். இரும்புக் கம்பி நடுத்துளையை அரித்து அரித்துச் சாவித்துளை போல ஆக்கிவிடும், அங்கிருந்து விரிசல் கிளம்பும். கிராஷைக் கோடாலி போடுவது மாதிரி நேராக ஓரத்தில் இறக்காமல், பக்கவாட்டில் வீசி வழுக்கிப் போகும்படி அடியுங்கள். பழைய சிம்பல் வாங்குகிறவர்கள் விளிம்பைச் சுற்றி நகத்தால் தடவிப் பாருங்கள், நடுத்துளை வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். விரிசலின் முனையில் துளை போட்டு நிறுத்தித் தருவோம், ஆனால் அது கொஞ்ச காலத்துக்குத்தான்.

துடைப்பது பற்றி அம்மாமார்களுக்கு ஒரு வேண்டுகோள். குத்துவிளக்கைத் தேய்ப்பது மாதிரி புளி போட்டோ பாலிஷ் போட்டோ தேய்க்க வேண்டாம். மேலே அச்சிட்ட பெயர் அழியும், தொழிற்சாலையில் கொடுத்த மேற்பூச்சும் போய்விடும். நம் தீவின் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம், விரல் வியர்வை பட்ட இடம் கறுக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். அழுக்கு மிகுந்தால் மிதமான சோப்புத் தண்ணீர் போதும், உடனே ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். நனைந்த பையில் போட்டு மூடி வைக்காதீர்கள்.

புதிதாக வாங்க வருகிறவர்கள் உங்கள் சொந்தக் குச்சியோடும், இப்போது வைத்திருக்கும் சிம்பல்களோடும் வாருங்கள். கடைக்குச் சனிக்கிழமை மதியம் நல்ல நேரம், கூட்டம் குறைவாக இருக்கும், பின்னறையில் டிரம் செட் போட்டிருக்கிறது. ஒரு நண்பரையும் அழைத்து வாருங்கள். அவர் வாசிக்கட்டும், நீங்கள் பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். வாங்காவிட்டாலும் பரவாயில்லை. பிளாஸ்டிக் குழாய் தொலைந்துபோனவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குக் காசு வேண்டாம்.

அன்புடன்,
கடையினர்
ஜார்ஜ் டவுன், பினாங்கு