செயலாளரின் ஆண்டறிக்கை: பெயர்பெற்ற குதிரைகளை ஆட்டமேசைக்குக் கொண்டுவந்தது குறித்து

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வேலூரிலிருந்தும் காட்பாடி, இராணிப்பேட்டை, ஆற்காடு ஆகிய ஊர்களிலிருந்தும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, நம் சங்கத்தின் பாத்திர ஆட்டங்கள், அதாவது ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் மேசை ஆட்டங்கள், இந்த ஆண்டு முழுவதும் ஒரே பொருளைச் சுற்றியே நடைபெற்றன. புராணத்திலும் கதைப்பாடலிலும் தமக்கென்று பெயர் பெற்ற குதிரைகளைக் கற்பனை உலக ஆட்டத்தில் எவ்வாறு நடித்துக் காட்டுவது என்பதே அப்பொருள். முந்தைய ஆண்டுகளில் நம் மேசையில் குதிரை என்பது கயிறு, தீப்பந்தம், தண்ணீர்ப் பை ஆகியவற்றோடு பாத்திரத் தாளின் பின்பக்கத்தில் எழுதப்படும் உடைமையாகவே இருந்து வந்தது. குகை வாயிலில் அதைக் கட்டிவிட்டு உள்ளே சென்ற வீரர்கள் பல நாள் கழித்து வெளியே வரும்போது, இதற்குத் தீனி வைத்தவர் யார் என்று எவரும் கேட்டதில்லை. தேசிங்கு ராஜன் கதையைக் கேட்டு வளர்ந்த வட்டாரத்துக்கு இது அழகில்லை என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுப்பிய குறைதான் இந்த ஆண்டின் வேலைத்திட்டம் ஆயிற்று.

நாம் பின்பற்றுவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டு விதிகள். அவற்றின்படி சவாரிக் குதிரையின் விலை 75 பொற்காசு, எவ்வளவு அடி தாங்கும் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளி 13. போர்க்குதிரையின் விலை 400 பொற்காசு, உயிர்ப்புள்ளி 19. இரண்டும் ஒரு சுற்றில் 60 அடிதான் நகரும். ஒரு சுற்று என்பது ஆறு நொடி. எனவே மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் என்றும், முழுமூச்சாக ஓடவிட்டால் அதைப்போல் இருமடங்கு என்றும் கணக்கு வருகிறது. உண்மையான குதிரை நாலுகால் பாய்ச்சலில் 40 கிலோமீட்டரையும் தாண்டக்கூடியது. ஆக, விதிநூலின் போர்க்குதிரை மாலை நேரத்தில் காட்பாடிச் சாலையில் ஊர்ந்து செல்லும் டவுன் பஸ்ஸைப் போலத்தான் ஓடுகிறது. கட்டம் போட்ட தாளில் சண்டை நடத்துவதற்கு வசதியாக வகுக்கப்பட்ட எண் என்பதால் விதியை வகுத்தவர்களை இதற்காகக் குறைகூற இயலாது.

முதலில் நம் உறுப்பினர்கள் அந்த எண்களை உயர்த்திப் பார்த்தனர். வேகம் 120 அடி, உயிர்ப்புள்ளி 100, நெருப்பு உமிழும் மூக்கு என்று சில குதிரைகள் மேசைக்கு வந்தன. அவற்றின் பெயர்கள் இன்று எவருக்கும் நினைவில்லை. எண்ணைக் கூட்டும்போது குதிரைக்கு வலிமை கூடுகிறதே தவிர, அது இன்ன குதிரை என்று அடையாளம் காணும் குணம் வந்துவிடுவதில்லை என்பதைச் செயற்குழு அப்போதே பதிவு செய்தது.

வேகத்தைச் சொல்லும் வழி நளவெண்பாவிலிருந்து கிடைத்தது. நளன் தேரோட்டுகிறான், உடன் செல்லும் அரசனின் மேலாடை நழுவி விழுகிறது, அதை எடு என்று அவ்வரசன் சொல்வதற்குள் தேர் நாலாறு காதம் கடந்துவிடுகிறது. புகழேந்தி அங்கே தொலைவையும் சொல்லியிருக்கிறார் என்றாலும், படித்தவர் மனத்தில் நிற்பது கீழே விழுந்த மேலாடைதான். இதையே நாம் விதியாக்கிக் கொண்டோம். பெயர்பெற்ற குதிரை தன் முழு வேகத்தில் பாயும்போது ஆட்டம் நடத்துபவர் அடிக்கணக்குச் சொல்லக் கூடாது. பின்னால் விடுபட்டது என்ன என்று மட்டுமே சொல்ல வேண்டும். ஏறியிருப்பவர் தம் தாளில் உள்ள பொருள்களில் ஒன்றை உண்மையாகவே கோடிட்டு நீக்கிவிட வேண்டும். தலைப்பாகை போயிற்று, அம்பறாத்தூணி போயிற்று, ஒருமுறை தூது ஓலையே போயிற்று. ஓலையை இழந்த வீரர் எதிரியின் அரண்மனையை எல்லோருக்கும் முன்னால் சென்றடைந்து, சொல்ல வேண்டிய செய்தி தெரியாமல் வாயிலில் நின்ற அமர்வு இந்த ஆண்டின் சிறந்த அமர்வு என்பது என் கருத்து.

அடுத்து, குதிரையை யார் ஆடுவது என்ற கேள்வி எழுந்தது. விதிநூல் ஊர்திகளை இரு வகையாகப் பிரிக்கிறது. ஏறியவர் சொற்படி நடப்பது ஒருவகை. அது ஓடலாம், விலகலாம், தற்காத்துக் கொள்ளலாம், வேறெதுவும் செய்ய முடியாது. தனக்கென அறிவுள்ளது மற்றொரு வகை. அது தன் முறை வரும்போது தன் விருப்பப்படி இயங்கும். பெயருள்ள குதிரைகள் அனைத்தையும் இரண்டாம் வகையில் சேர்த்தோம். அதோடு நில்லாமல், ஏறுபவர் அந்தக் குதிரையை ஆடக் கூடாது, மேசையில் அவருக்கு எதிரே அமர்ந்திருப்பவரே ஆட வேண்டும் என்றும் வகுத்தோம். குதிரையை ஆடுபவர் வாய்ப்பேச்சைப் பயன்படுத்த இயலாது. காது, கால், மூச்சு ஆகிய மூன்றால் மட்டுமே தம் குதிரையின் மனத்தைத் தெரிவிக்கலாம். காது இரண்டும் பின்னோக்கி ஒட்டிப் படிந்தால் சினம். ஒரு காது மட்டும் பின்னால் திரும்பினால் ஏறியவரைக் கவனிக்கிறது. முன்னங்கால் மண்ணைப் பறித்தால் பொறுமை தீர்கிறது. இக்குறிப்புகள் பலவற்றை நமக்கு அளித்தவர் முன்பு ஜட்கா வண்டி ஓட்டிய பெரியவர் ஒருவர். குதிரைக்கு இருபுறமும் பெரும்பரப்பு தெரியும் என்றாலும் நெற்றிக்கு நேர் முன்னால் மிக அருகில் இருப்பதும், வாலுக்கு நேர் பின்னால் இருப்பதும் தெரியாது என்றும், ஆகவே பழகாத குதிரையைத் தோள்பக்கமாகவே அணுக வேண்டும் என்றும் அவர் விளக்கினார். அவருக்குச் சங்கத்தின் சார்பில் சால்வை அணிவிக்கப்பட்டது.

இந்த விதிகளின் முழுப் பயனும் செஞ்சித் தொடராட்டத்தில்தான் வெளிப்பட்டது. வரலாற்றில் செஞ்சியின் தேஜ் சிங், கப்பம் தர மறுத்து, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு 1714இல் மோதி மாண்டார். அவரையே நம் மக்கள் தேசிங்கு ராஜன் என்று பாடுகின்றனர். உடன்கட்டை ஏறிய அவருடைய மனைவியின் நினைவாகவே இராணிப்பேட்டை பெயர் பெற்றது என்பதும் வழிவழியாக வரும் செய்தி. கதைப்பாடலில் டெல்லி பாதுஷாவின் இலாயத்தில் எவரும் அடக்க முடியாத பாராசாரி என்னும் குதிரையை இளம் தேசிங்கு அடக்குகிறான். அவன் நண்பன் மோவுத்துக்காரனுக்கோ நீலவேணி என்னும் குதிரை இருக்கிறது. பூதங்களும் மந்திரமும் நடமாடும் ஒரு கற்பனைச் செஞ்சியில் இக்குதிரைகளை உலவவிட்டோம். ஆற்காட்டு உறுப்பினர்கள் தாங்கள் நவாப் பக்கமே ஆடுவோம் என்று உறுதியாக நின்றதால் இரண்டு குழுக்கள் அமைந்தன. அது நல்லதாகவே முடிந்தது; பாராசாரியின் பெருமையைத் தேசிங்கின் பக்கத்தவரைவிட, அதை எதிர்கொண்டவர்களே நன்றாகச் சொன்னார்கள்.

பாராசாரியை அடக்கும் காட்சியில் பகடை உருட்ட அனுமதிக்கவில்லை. குதிரையை ஆடியவர், அது எதற்காக மறுக்கிறது என்பதை ஒரு சீட்டில் எழுதி மடித்து வைத்துவிட்டார். வலிமையைக் காட்டியவர்கள் தூக்கி எறியப்பட்டனர். மந்திரம் ஓதியவரின் தலைப்பாகையைக் குதிரை மென்றுவிட்டது. வெல்லம் நீட்டியவர் வெல்லத்தை மட்டும் இழந்தார். தேசிங்காக ஆடிய சத்துவாச்சாரி உறுப்பினர், நெடுநேரம் ஒன்றும் செய்யாமல் இலாயத்தின் ஓரத்தில் நின்று, பிறகு அதன் காலில் மாட்டியிருந்த சங்கிலியைக் கழற்றச் சொன்னார். சீட்டில் எழுதியிருந்ததும் அதுவே. கட்டிப்போட்ட நிலையில் எவரையும் ஏற்றிக்கொள்வதில்லை என்பது பாராசாரியின் உறுதி. நீலவேணியை ஆடியவரோ வேறு வழியில் சென்றார். பாடலில் திருமணக் கோலத்தில் இருக்கும் நண்பன் செய்தி கேட்டதும் போருக்குப் புறப்படுகிறான் அல்லவா? அந்த மணப்பந்தலின் வாயிலில், அழைப்பதற்கு முன்பே சேணத்தோடு வந்து நிற்கும் குதிரையாக அவர் நீலவேணியைக் காட்டினார். ஒன்று மறுப்பதாலும் மற்றொன்று காத்திருப்பதாலும் இரண்டு குதிரைகளும் மேசையில் வெவ்வேறு ஆள்களாகத் தெரிந்தன.

தொடர் முடியும் தறுவாயில் கடுமையான கருத்து வேறுபாடு ஏற்பட்டது. 2014 விதிகளில் பாலடின் எனப்படும் அறநெறி வீரன் மந்திரத்தால் வரவழைக்கும் குதிரை வீழ்ந்தால் உடலின்றி மறைந்துவிடும். மீண்டும் மந்திரம் ஓதினால் அதே குதிரை முழு நலத்தோடு திரும்பும். 1978இல் வெளிவந்த, அதே ஆட்டத்தின் பழைய விதிநூலிலோ அவ்வீரனுக்கு அத்தகைய குதிரை பத்தாண்டுக்கு ஒருமுறைதான் கிடைக்கும். பாராசாரியை எந்த விதிப்படி நடத்துவது என்று விவாதித்து, இறுதியில் இரண்டையும் விட்டு, வீழ்ந்தால் வீழ்ந்ததுதான் என்று பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். திரும்பி வரும் என்று தெரிந்த குதிரையை எவரும் அம்புமழைக்குள் தயங்காமல் செலுத்துவார். தயக்கம் போய்விட்டால் கதையும் போய்விடும் என்பதால் இம்முடிவு சரியானதே என்று நான் கருதுகிறேன். எதிர்த்து வாக்களித்தவர்களின் கருத்து நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் உள்ளது.

பிற அமர்வுகளைச் சுருக்கமாகவே குறிப்பிடுகிறேன். நரியைப் பரியாக்கிய திருவிளையாடலை ஒட்டி நடந்த ஆட்டத்தில், தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் சந்தை வழக்கத்தை அப்படியே கையாண்டோம். கயிறு மாற்றிக்கொண்ட பின் விற்றவருக்குப் பொறுப்பில்லை என்ற வணிக நெறியைச் சொல்லித்தான் அக்கதையில் இறைவன் பாண்டியனிடம் குதிரைகளை ஒப்படைக்கிறார் என்பதால், கயிற்றை வாங்குவதா வேண்டாமா என்று ஆட்டக்காரர்கள் நீண்ட நேரம் கூடிப் பேசினர். இறுதியில் வாங்கினர். இரவில் இலாயத்திலிருந்து ஊளைச் சத்தம் கேட்டதும் எழுந்த கூச்சலால் பக்கத்து வீட்டார் வந்து விசாரித்தனர். உச்சைச்சிரவம் என்னும் தெய்வக் குதிரையின் வால் வெண்மையா கருமையா என்று கத்துருவும் வினதையும் பந்தயம் கட்டிய கதை ஒரே அமர்வில் முடிந்தது. கத்துருவின் பிள்ளைகளான பாம்புகளாக ஆடியவர்கள், வாலைக் கருமையாகக் காட்ட அதைப் பற்றிக்கொள்ள விரைந்துவிட்டதால் மற்றவர்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. காரி என்ற குதிரைக்கு உரிய காரியும், ஓரி என்ற குதிரைக்கு உரிய ஓரியும் பொருததைச் சிறுபாணாற்றுப்படை குறிப்பிடுகிறது. தலைவனும் குதிரையும் ஒரே பெயரைத் தாங்குவதை வைத்து, இருவருக்கும் ஒரே பாத்திரத் தாள் அளித்துப் பார்த்தோம். இது சுவையான தொடக்கமாக அமைந்ததே தவிர, போதிய அமர்வுகள் இன்மையால் முற்றுப்பெறவில்லை.

கோட்டைக்குள் உள்ள ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்துக்கு ஒரு காலைப் பொழுதில் சென்று, தூண்களில் பாய்ந்தெழும் குதிரைகளையும் யாளிகளையும் உறுப்பினர்கள் வரைந்து வந்தனர். மேசையில் வைக்கும் குதிரைப் பொம்மைகளுக்கு அந்த வரைபடங்களே மாதிரியாக அமைந்தன. குதிரைக்குச் சுழி பார்க்கும் வழக்கத்தை ஒட்டி, ஒவ்வொரு பொம்மையின் உடலிலும் ஒரு சுழி வரையப்பட்டுள்ளது. அது நற்சுழியா தீச்சுழியா என்பதை ஆட்டம் நடத்துபவர் மட்டுமே அறிவார். பொம்மைகளைக் குழந்தைகள் எடுத்து விளையாடுவதைத் தவிர்க்குமாறு அலமாரிப் பொறுப்பாளர் கேட்டுக்கொண்டுள்ளார்.

அக்கினி நட்சத்திர நாள்களில் வெயிலின் கடுமையால் அமர்வுகள் இரவுக்கு மாற்றப்பட்டன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

இன்று பொதுக்குழுவின் முடிவுக்கு இரண்டு பொருள்களை முன்வைக்கிறேன். வரும் ஆண்டில், விராடனின் இலாயத்தில் நகுலன் மறைந்து வாழ்ந்த கதையை ஒட்டி, ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் குதிரைகளாகவும் ஒருவர் மட்டும் பராமரிப்பவராகவும் ஆடும் தொடரை நடத்தலாம் என்பது செயற்குழுவின் ஒருமனதான பரிந்துரை. மற்றொன்றில் குழு சரிபாதியாகப் பிரிந்து நிற்கிறது. குதிரையை ஆடுபவருக்கும், பாத்திரம் வளர்வதற்கு உதவும் அனுபவப் புள்ளிகளில் பங்கு வேண்டும் என்று ஒரு சாராரும், குதிரைக்குக் கொள்ளே போதும் என்று மறு சாராரும் கூறுகின்றனர். முதல் தரப்பில் நிற்பவன் என்ற முறையில் இதற்கு மேல் நான் பேசுவது முறையாகாது. தலைவர் அவர்கள் இதனை வாக்கெடுப்புக்கு விடுமாறும், அதன்பின் இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
வேலூர்